திரைக்கு அந்தப் பக்கத்துப் படம்

மேற்பிரிவு லயம்,
வட்டவளை.
14.7.63

அன்பு மகன் அழகனுக்கு,

உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் மாரியாத்தாள் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று கும்பிட்டுக்கொண்டு அம்மா எழுதுகிறேன். நானும் உன் தங்கச்சி நாகலெட்சுமியும் நன்றாக இருக்கிறோம், மழைதான் எங்களை நன்றாக இருக்க விடமாட்டேன் என்கிறது. ஆடி பிறக்கப் போகிறது, இன்னும் வெயிலைக் கண்ணால் காணவில்லை, அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்ட துணிகூட ஈரம் போகாமல் புகை நாற்றம் அடிக்கிறது. பிள்ளைக் காம்பராவில் தாய்மார் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகள் எல்லாவற்றுக்கும் சளி, ஆயா என்று பெயர் வைத்துக்கொண்டு நான் பொழுதுக்கும் மூக்குத்தான் துடைக்கிறேன். நாகு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறாள், அட்டைக்கடிக்குப் பயந்து முழங்கால் வரைக்கும் சவர்க்காரம் பூசிக்கொண்டு புறப்படுகிறாள், அப்படியும் சாயந்தரம் வந்து எண்ணி எண்ணிப் பிடுங்கிப் போடுகிறாள். நம்முடைய சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. நீ வந்து பெயர் வைக்க வேண்டுமென்று நாகு இன்னும் பெயர் வைக்காமல் வைத்திருக்கிறாள். வீட்டுச் சேதி இவ்வளவுதான், இனி உன் கடிதத்துக்கு வருகிறேன்.

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அப்பா போய் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் நீங்கள் ஹட்டனுக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்ததாகச் சித்தப்பா எழுதியிருக்கிறார், எனக்கு இங்கே திருகோணமலைக்கு வேலைக்கு வந்திருக்கிற நம் தோட்டத்து ஆட்களைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது, இனிமேல் படத்துக்குப் போகமாட்டேன் என்று நீங்கள் எழுதினால்தான் ஆவணியில் திதி கொடுக்க வருவேன் என்று எழுதியிருந்தாய். வழக்கம்போல நாகுதான் வாய்விட்டு வாசித்தாள், அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நிறுத்தாதே, அண்ணன் எழுதினதை எழுதினபடி படி என்றேன். முதலில் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது, பிறகு பசித்தது, ரொட்டி சுட்டுச் சாப்பிட்டேன். மறுநாள் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே ஆண்பிள்ளை, அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன், அவன் வராமல் முதல் திதியே நின்று போனால் அந்த ஆத்மா என்ன பாடுபடும், படம்தானே, போகவில்லை என்று எழுதிவிட்டால் முடிந்தது என்றுதான் உட்கார்ந்தேன். கை வரவில்லை அழகா. ஏன் வரவில்லை என்று சொல்கிறேன், கடைசி வரைக்கும் படி, பாதியில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுவிடாதே.

சித்தப்பா எழுதினது பொய்யில்லை. போனேன். நம் லயத்து மீனம்மாவையும் கூட்டிக்கொண்டு மத்தியானக் காட்சிக்குப் போனேன். ஆனால் நான் தியேட்டருக்குள் உட்கார்ந்திருந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நீ ஒரு வார்த்தை கேட்டாயா? அவரும் அதே காட்சிக்குத்தான் வந்திருந்தார். செத்தவர் எனக்குப் புருஷன் என்றால் அவருக்குக் கூடப் பிறந்த அண்ணன். அவருக்கு மட்டும் வருஷம் சீக்கிரம் திரும்பிவிட்டது போலிருக்கிறது. மறுநாள் லயத்து வாசலில் நின்று, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, என்னா மதினி, அண்ணன் போயி ஒரு வருசம் ஒங்களுக்குத் தாங்கலியாக்கும் என்று கேட்டார். நீங்க எத்தன மாசம் தாங்குனீங்க தம்பி என்று நானும் கேட்டேன். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கோபத்தில்தான் உனக்கு எழுதியிருக்கிறார். செல்லசாமி கங்காணி என்றால் தோட்டமே பயப்படுகிறது, மதினி பயப்படவில்லை என்பது அவருக்குப் பெரிய குறை.

அது கிடக்கட்டும். நான் எதற்காகப் போனேன் என்பதுதான் உனக்குத் தெரிய வேண்டியது. அதற்கு நம் தோட்டத்தில் முதல்முதல் படம் காட்டின நாளிலிருந்து சொல்ல வேண்டும். அப்போது உனக்கு ஆறு வயசு, அப்பா மடியிலேயே தூங்கிவிட்டாய், உனக்கு நினைவிருக்காது. திருவிழா முடிந்த சனிக்கிழமை, படக்காரர்கள் லொறியில் மோட்டாரும் பெட்டியும் கொண்டு வந்து இறக்கினார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துக்கு நடுவில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத்துணி கட்டினார்கள். துணிக்கு முன்னால் துரைக்கும் துரைசாணிக்கும் நாற்காலி, கிளாக்கர்மாருக்கு உட்கார வாங்குப் பலகை, அதற்குப் பின்னால் தரையில் ஆம்பிளைகள். அதோடு களம் நிறைந்துவிட்டது. பொம்பளைங்கள்ளாம் அந்தப் பக்கமாப் போங்க என்று பெரிய கங்காணி கையைக் காட்டினார். அந்தப் பக்கம் என்றால் துணிக்குப் பின்பக்கம். நாங்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ஈரப்புல்லு மேட்டில் போய் உட்கார்ந்தோம். படத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று ஒன்று இருப்பது எங்களில் யாருக்குத் தெரியும்? எங்களுக்கு அதுதான் படம்.

முதலில் எழுத்து வந்தது. எங்கள் பக்கத்தில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், என்னா எழுதியிருக்கு அக்கா என்று எல்லாரும் என்னைக் கேட்டார்கள். எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஒரு எழுத்துப் பிடிபடவில்லை. தெரியவில்லை என்று சொல்ல மனசில்லை, இது மலையாளத்து எழுத்து என்று சொல்லிவிட்டேன். பிறகு ஆட்கள் வந்து நல்ல தமிழில் பேசத் தொடங்கினார்கள். மலையாளத்துல எழுதித் தமிழ்ல பேசுறாங்க, எவ்வளவு படிச்சவங்க பாருங்க என்று மீனம்மா வாயைப் பிளந்தாள். அப்போது அவள் கலியாணமாகாத குமரி.

கதை ஒரு ராணியின் கதை. ராசா யார் பேச்சையோ கேட்டு அவளைக் காட்டுக்கு விரட்டிவிடுகிறான், காட்டில் பிள்ளை பிறக்கிறது. தொட்டில் கட்டச் சேலை இருக்கிறது, கயிறு இல்லை. அவள் தன்னுடைய முழங்கால் அளவு தலைமுடியைக் கத்தியால் அறுத்து, கயிறாகத் திரித்து, மரத்தில் தொட்டில் கட்டுகிறாள். எங்கள் மேட்டில் ஒரே அழுகை. கைப்பிள்ளைக்காரிகள் தங்கள் பிள்ளைகளை எழுப்பிக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த நேரம் பார்த்துத் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்குத் தெரியாதா உன் அப்பா சிரிப்பு! வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சண்டை பிடித்தேன், ஒரு தாய் படுகிற பாட்டைப் பார்த்துச் சிரிப்பு வருதா உங்களுக்கு என்று. ஏ புள்ள, ஸ்டோர்ல தேயிலைப் பெட்டி கட்டுற கயிறே அறுந்து போவுது, தலமசுருல தொட்டி நிக்குமா என்றார். பெத்தவ கட்டுனா நிக்கும் என்றேன். அதிலிருந்து பேச்சு வேறு பக்கம் போனது. அவள் இடது கையால் முடி அறுத்ததை நான் சொல்ல, வலது கை என்று அப்பா சொல்ல, நான் இடது என்க, அவர் வலது என்க, கடைசியில் தேயிலைக்கு நடுவில் ஒற்றையடிப் பாதையில் நின்று அடக்க முடியாமல் சிரித்தார். நீ பாத்த படம் வேற, நான் பாத்த படம் வேற என்றார். நான் நம்பவில்லை.

நம்பியிருந்தால் மீனம்மா கலியாணத்தில் அந்தக் கூத்து நடந்திருக்காது. அந்த மாசமே அவளுக்குக் கலியாணம், மாப்பிள்ளை பொகவந்தலாவைப் பக்கம். படத்தில் ராணி சேலை கட்டின மாதிரி கட்டுவோம் என்று பெண்கள் எல்லாரும் கூடி, முந்தானையை வலது தோளில் போட்டு அலங்காரம் பண்ணிக் கொண்டுபோய் மணையில் உட்கார வைத்தோம். மாப்பிள்ளையின் அம்மா ஒரு நிமிஷம் பார்த்தாள், பொண்ணுக்கு எடது கைப் பழக்கமா, முன்னமே சொல்லலியே என்றாள். சபையே திரும்பிப் பார்த்தது. பெண்ணை மறுபடி உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சேலையை அவிழ்த்துக் கட்டுகிற வரைக்கும் மேளக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்த மாப்பிள்ளை பிறகு நம் தோட்டத்துக்கே வேலைக்குப் பெயர் பதிந்து வந்துவிட்டார், இன்றைக்கும் மீனம்மா முறுக்கிக்கொண்டால் அவர் தன் வலது தோளைத் தொட்டுக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கம் எல்லாம் இடம் வலமாகத் திரும்பித் தெரிகிறது என்று நான் ஒப்புக்கொண்டேன், மலையாளத்து எழுத்து எது என்பதும் விளங்கியது.

அடுத்த வருஷம் படக்காரர்கள் வந்தபோது, திரை கட்ட நான் வருகிறேன் என்று அப்பா தானாகப் போய் நின்றார். கட்டி முடித்ததும் மலைத் தண்ணீர் விழுகிற பீலியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டு வந்து துணியெல்லாம் நனைய ஊற்றினார். என்னப்பா இது, எங்களுக்கு மங்கலாத் தெரியுதே என்று கிளாக்கர் ஐயா சத்தம் போட்டார். காஞ்ச துணி காத்துக்குக் கிழிஞ்சு போகுமுங்க என்று அப்பா பவ்வியமாகச் சொன்னார். உண்மை என்னவென்றால் துணி நனைந்தால்தான் பின்பக்கத்துக்குப் படம் பளிச்சென்று தெரியும். அதிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் அப்பாதான் தண்ணீர் ஊற்றினார். துணி கிழியாமல் இருக்கத்தான் என்று துரை வரைக்கும் நம்பினார்கள். யாருக்காக அந்த மனுஷன் வாளி தூக்கினார் என்பது எனக்குத் தெரியும். அவர் என்னிடம் அதைச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

எத்தனை படம் அப்படிப் பார்த்தோம் என்று கணக்கில்லை. வாள் சண்டைப் படம் எனக்குப் பிடிக்காது, எப்படியும் அவன்தான் ஜெயிப்பான் என்று முதலிலேயே தெரிகிறது, பிறகு எதற்கு அவ்வளவு நேரம் மாடிப்படியில் ஏறி இறங்க வேண்டும்? அப்பாவுக்கு அதுதான் உயிர், வீட்டுக்கு வந்து தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு உனக்குச் சண்டை காட்டுவார். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனுக்குக் கால் கழுவிவிடுகிற பெண்ணை ஒரு படத்தில் காட்டினார்கள், எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவ தலையெழுத்தாப் போச்சு, நீ எனக்குக் கால் கழுவ வேணாம், வென்னி வச்சுக் குடுத்தாப் போதும் என்று அப்பா சொன்னார். ஒரு படத்தில் தேயிலைத் தோட்டம் வந்தது. அடடா, நம்மைக் காட்டப் போகிறார்கள் என்று நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தால், பட்டு ரவிக்கை போட்ட ஒரு பெண் இடுப்பில் பூக்கூடை மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு முற்றின இலையெல்லாம் உருவி உருவிப் போட்டுக்கொண்டு பாடுகிறாள். எங்கள் மேடே கத்தியது. ஏ தங்கச்சி, ரெண்டு எலையும் மொட்டும் பறி, இதக் கொண்டு போனாக் கணக்கப்பிள்ளை தராசுலயே வைக்க மாட்டான் என்று வேலாயிக் கிழவி எழுந்து நின்று புத்தி சொன்னாள். துரைசாணி அந்தப் பக்கம் பயந்து போய் எழுந்துவிட்டாளாம். அந்த மாதிரிச் சிரித்துப் படம் பார்த்த காலம் இனி எங்கே வரப்போகிறது.

பிறகு தோட்டத்தில் படம் காட்டுவது குறைந்து போனது, சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குப் போகத் தொடங்கினோம். அங்கேயும் பெண்கள் பக்கம் வேறு, ஆண்கள் பக்கம் வேறு, நடுவில் பலகை அடித்திருக்கும். இடைவேளையில் கடலைச் சுருள் பலகைக்கு மேலே வரும், கை மட்டும் தெரியும், அது அப்பா கைதானா என்று பார்த்து வாங்கிக்கொள்வேன். சேர்ந்து உட்கார்ந்து ஒரு படம் பார்த்தது கிடையாது. அந்த ராணி படத்தை மட்டும் நான் முன்பக்கமாகப் பார்த்ததேயில்லை. அது திரும்ப எங்கயாச்சும் வந்தா ஒன்னையக் கூட்டிக்கிட்டுப் போயி நேராக் காட்டுறேன், மொதல்ல எழுத்தப் படிச்சுச் சொல்லு, அப்புறம் மசுருக் கயித்தப் பாரு என்று அப்பா கேலி பண்ணிக்கொண்டேயிருந்தார். அது வரவில்லை. போன ஆவணியில் தேயிலை ஸ்டோரில் வேலையில் நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. அதற்கு மேல் நடந்தது உனக்குத் தெரியும்.

போன மாசம் நாகுவுக்கு இருமல் மருந்து வாங்க நானும் மீனம்மாவும் ஹட்டனுக்குப் போனோம். தியேட்டர் சுவரில் அந்த ராணியின் முகம் ஒட்டியிருந்தது. பழைய படத்தைத் திரும்பப் போடுகிறார்கள், இரண்டு நாளைக்கு மட்டும். நான் மழையில் அப்படியே நின்றுவிட்டேன். மீனம்மா என் முகத்தைப் பார்த்தாள், போவோமா அக்கா என்றாள். வெள்ளைச் சேலையோடயா என்றேன். சேலை எந்தக் கலரா இருந்தா என்னா, முந்தானை சரியான தோளுல இருக்குல்ல என்றாள். அவளைத் தவிர வேறு யாருக்கு அந்த நேரத்தில் அப்படிச் சொல்ல வரும்? டிக்கெட் கொடுக்கிறவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான், நானும் அவனை ஏற இறங்கப் பார்த்தேன், கொடுத்துவிட்டான்.

படம் தொடங்கியது. எழுத்து வந்தது, தமிழ் எழுத்து, ஒன்று விடாமல் வாசித்தேன், மீனம்மாவுக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டே வாசித்தேன். ராணி வலது கையால்தான் முடி அறுத்தாள். அப்பா சொன்னதுதான் சரி. பக்கத்தில் எல்லாரும் அழுதார்கள். அவள் முடியைத் திரித்து முடிச்சுப் போட்டு மரத்தில் தொட்டிலைத் தொங்கவிட்டபோது எனக்கு அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது, பெட்டி கட்டுற கயிறே அறுந்து போவுது என்று. சிரித்துவிட்டேன் அழகா. வாயைப் பொத்துவதற்குள் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பலகைக்கு அந்தப் பக்கம் இருந்த சித்தப்பாவுக்கு அதுதான் கேட்டிருக்க வேண்டும், அண்ணன் பொண்டாட்டி சிரிப்பு அவருக்குப் பழக்கமான சிரிப்புத்தானே. சிரித்துக்கொண்டேயிருந்தது அழுகையாகிவிட்டது, படம் முடிகிற வரைக்கும் நிற்கவில்லை. அப்பா போன நாளிலிருந்து எத்தனையோ அழுதிருக்கிறேன், ஊருக்காகவும் உறவுக்காகவும் ஒப்பாரி வைத்து அழுதிருக்கிறேன். அவரோடு இருந்து அழுதது அன்றைக்குத்தான். அவர் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ அது அன்றைக்குத்தான் என் கண்ணுக்கும் தெரிந்தது. நீங்க சொன்னதுதாங்க சரி என்று அவரிடம் சொல்லத்தான் அவர் இல்லை.

இதைத்தான் நான் செய்தேன். இதை இனிமேல் செய்யமாட்டேன் என்று எப்படி எழுதுவேன்? தீபாவளிக்குத் திருகோணமலையில் படம் பார்த்தேன், பாட்டெல்லாம் நன்றாக இருந்தது என்று நீ எழுதியிருந்தாய். அப்பா போய் அப்போது மூன்று மாசம் ஆகவில்லை. நான் ஒன்றும் நினைக்கவில்லை, பிள்ளைக்கு மனசு தேறுகிறது என்று சந்தோஷப்பட்டு நாகுவிடம் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். உனக்குத் தேறுகிற மனசு எனக்கும் இருக்கிறது. உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை, உன்மேல் எனக்குக் கோபமும் இல்லை, வருத்தம் இருக்கிறது. சித்தப்பா சொன்னதை நீ நம்பினதில் வருத்தமில்லை, என்னிடம் ஏன் போனீங்கம்மா என்று ஒரு வார்த்தை கேட்காமல் நேராகத் தண்டனை எழுதி அனுப்பிவிட்டாயே, அதில்தான். அப்பா துரைக்குப் பயந்தவர், கிளாக்கருக்குப் பயந்தவர், அவர்கள் முன்னால் பொய் சொல்லித்தான் எனக்கு நல்லது செய்தார். நான் அவர் பெயரால் பொய் எழுதித் தரமாட்டேன். படம் வந்தால் போவேன். நாகு கலியாணமாகிப் போய்விட்டாலும் மீனம்மாவோடு போவேன்.

ஆனால் நீ வராமல் இருக்காதே ஐயா. உன்னைப் பார்த்து ஒன்பது மாசமாகிறது, உன் சத்தம் எப்படி இருக்கும் என்பதே சில நாள் எனக்கு மறந்து போகிறது. கடைத்தெருச் சாப்பாட்டையே சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, கடற்கரைக் காற்று சூடு என்பார்கள், கிழமைக்கு ஒரு தடவையாவது எண்ணெய் தேய்த்துக் குளி. புறப்பட்டால் கம்பளிச் சட்டையை மேலே எடுத்து வைத்துக்கொள், வட்டவளைக் குளிர் உனக்கு இப்போது பழக்கம் விட்டிருக்கும். பொல்காவலையில் ரயில் மாற வேண்டும், தூங்கிவிடாதே. சித்தப்பாவிடம் மரியாதையாக நடந்துகொள், அவரும் அண்ணனை இழந்தவர்தான், அதைச் சொல்லத் தெரியாமல்தான் என்மேல் பாய்கிறார். நீ நீண்ட ஆயுளோடு, நல்ல பெயரோடு, மனசில் ஈரத்தோடு இருக்க வேண்டுமென்று அம்மா உன்னை மனதார ஆசீர்வதிக்கிறேன். தங்கச்சியும் உன்னைக் கேட்டதாக எழுதச் சொல்கிறாள்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். திதி அன்றைக்குக் கொழும்பிலிருந்து வருகிற ரயில் நம் ஸ்டேஷனில் நின்று புறப்படுகிற சத்தம் லயத்துக்குக் கேட்கும். அதற்குப் பிறகு நீ மேட்டில் ஏறி வருகிற நேரம் வரைக்கும் இலையில் ஒரு பருக்கை தொடாமல் வைத்திருப்பேன். நீ வந்தால் பெற்ற பிள்ளையாக முன்னால் நீ உட்காரு, நான் தள்ளி நின்று கும்பிட்டுக்கொள்கிறேன். வரவில்லையென்றால் பொம்பளை செய்யக்கூடாது என்று சித்தப்பா சொல்வார், சொல்லட்டும். முன்னால் நான் உட்காருவேன்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரான அம்மா,
அழகம்மா